நரியும் தனுக்கியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனவா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அண்மைக்கால ஜப்பானிய அனிமேஷன் தொடர்களிலும் மாங்கா என்னும் படக்கதைகளிலும் நரி, தனுக்கி, பூனை, பாம்பு என ஒன்றுக்கொன்று ஒவ்வாத விலங்கு ஆவிகள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, தொடக்கத்தில் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல ஒரு குடும்பம் போலாகிவிடுகின்றன, இது பழைய நாட்டார் கதைகளில் உள்ளதா, இக்காலத்தவர் கற்பித்ததா? கூடவே, குழந்தைகளுக்காக இப்படியொரு கதையை எழுதத் தொடங்கியிருப்பதாகவும், பரம்பரைப் பகையாளிகளான நரியையும் தனுக்கியையும் ஒரே வீட்டில் வைப்பது மரபுக்குப் பிழையாகுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இயல்பிலேயே வேறுபட்டவர்கள் சேர்ந்து வாழ முடியும் என்று பழைய ஜப்பானியக் கதைசொல்லிகள் நம்பினார்களா, நம்பினார்கள் என்றால் எந்த வழியில் என்பதே அது. இரண்டாவது கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய மொழியையும் நாட்டார் வழக்காற்றியலையும் முறையாகப் படித்து, பல ஆண்டுகளாகக் கற்பித்தும் வருகிறேன். என் பயிற்சி பெரும்பாலும் ஹொன்ஷூ, ஷிகொக்கு பகுதிகளின் வாய்மொழிக் கதைகளிலும் இடைக்கால ஓவியச் சுருள்களிலும் அமைந்தது. ஹொக்கைடோவின் ஐனு மக்களுக்கு நரியையும் கரடியையும் ஆந்தையையும் பற்றித் தனியான, ஆழமான ஒரு மரபு இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை என்பதால் இந்தப் பதிலில் அதைத் தொடவில்லை.

முதலில் தனுக்கி என்பது எது என்று தெளிவாக்கிவிடுகிறேன். அது நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த உண்மையான விலங்கு. குட்டைக் கால்களும் பருத்த உடலும் கண்களைச் சுற்றிக் கறுப்புத் திட்டும் உடையது. உயிரியல் நூல்கள் இதை ராக்கூன் நாய் என்கின்றன. நரியைப் போலவே இதுவும் உருமாறி மனிதரை ஏய்க்கும் என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. கி.பி. 720இல் தொகுக்கப்பட்ட நிஹொன் ஷொக்கி என்னும் வரலாற்று நூலிலேயே, பேரரசி சுய்கோவின் 35ஆம் ஆட்சியாண்டில், அதாவது 627இல், முட்சு நாட்டில் ஒரு முஜினா மனிதனாக மாறிப் பாட்டுப் பாடியதாக ஒரு வரிக் குறிப்பு வருகிறது. முஜினா என்ற பெயர் சில ஊர்களில் தனுக்கியைக் குறிக்கிறது, சில ஊர்களில் வளை தோண்டும் பேட்ஜரைக் குறிக்கிறது. இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 1924இல் தொச்சிகி மாநிலத்தில், தனுக்கி வேட்டைக்குத் தடை இருந்த காலத்தில் இரண்டு விலங்குகளைப் பிடித்த ஒரு வேட்டைக்காரர், தாம் பிடித்தவை முஜினா என்றே நம்பியதாக வாதாடினார். 1925இல் அவர் விடுவிக்கப்பட்டார். ஒரு கதையில் வரும் விலங்கு இன்னதுதான் என்று அடித்துச் சொல்பவர்களை நீங்கள் சற்றுச் சந்தேகத்தோடு அணுகலாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இனிப் பகைக்கு வருவோம். நரிக்கும் தனுக்கிக்கும் போட்டி உண்டு என்பதில் ஐயமில்லை. நரிக்கு ஏழு உருவம், தனுக்கிக்கு எட்டு உருவம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. இரண்டு வஞ்சகர்கள் ஒருவரையொருவர் ஏமாற்ற முயல்வதை, நரியும் தனுக்கியும் ஏய்த்துக்கொள்வது போல என்பார்கள். ஆனால் இந்தப் போட்டிக் கதைகளை வரிசையாக வைத்துப் படித்தால், அவற்றில் பல ஒரே ஒரு வினாவுக்கு விடை சொல்வது தெரியவரும்: இந்த ஊரில் ஏன் நரி இல்லை?

ஜப்பான் கடலிலுள்ள சாதோ தீவின் கதைகள் இதற்குத் தெளிவான சான்று. அந்தத் தீவில் நரி கிடையாது. தனுக்கி உண்டு, அதை அங்கே முஜினா என்பார்கள். தீவின் முஜினாக்களுக்கெல்லாம் தலைவன் தன்ஸபுரோ. அவன் பெருநிலத்துக்குச் சென்று திரும்பும் வழியில் ஒரு நரியைச் சந்திக்கிறான். தன்னையும் தீவுக்கு அழைத்துப்போகும்படி நரி கேட்கிறது. இந்த உருவத்தில் உன்னை ஏற்ற மாட்டார்கள், என் செருப்பாக மாறிக்கொள் என்கிறான் தன்ஸபுரோ. நரி செருப்பாகிறது, படகு நடுக்கடலுக்கு வந்ததும் அவன் அந்தச் செருப்பைக் கழற்றிக் கடலில் எறிந்துவிடுகிறான். இன்னொரு வடிவத்தில், தன்னால் ஒரு பிரபுவின் ஊர்வலமாகவே மாறிக்காட்ட முடியும் என்று அவன் நரியிடம் சவால் விடுகிறான். சற்று நேரத்தில் சாலையில் ஒரு பெரிய ஊர்வலம் வருகிறது. நரி அதன் நடுவே பாய்ந்து, அருமை, அருமை என்று பாராட்டுகிறது. வந்தது உண்மையான பிரபுவின் ஊர்வலம்; வீரர்கள் நரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதே ஊர்வலக் கதை மற்ற பகுதிகளிலும் வேறு வேறு தனுக்கிகளின் பெயரில் வழங்குகிறது.

ஷிகொக்கு தீவிலும் இப்படித்தான். அங்கே நரிகளின் வஞ்சகம் பொறுக்காமல், பௌத்தத் துறவி கூக்காய் அவற்றைத் தீவைவிட்டுத் துரத்தினார் என்றும், இரும்புப் பாலம் கட்டப்படும் வரை திரும்பி வரக்கூடாது என்று கட்டளையிட்டார் என்றும் சொல்வார்கள். கூக்காய் 774 முதல் 835 வரை வாழ்ந்தவர். ஷிகொக்குவையும் ஹொன்ஷூவையும் இணைக்கும் பெரிய சேத்தோ பாலம் 1988இல் திறக்கப்பட்டது. பாலம் வந்துவிட்டது, இனி நரிகள் வரும் என்று அப்போது பலர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். ஷிகொக்குவில் நரி மிகக் குறைவு என்பதும், தனுக்கிக் கதைகள் அங்கே அளவின்றிப் பெருகியிருக்கின்றன என்பதும் உறுதி. நரியே இல்லை என்பது சரியல்ல. சிறு எண்ணிக்கையில் அவை அங்கே வாழ்கின்றன. இரும்புப் பாலம் என்ற நிபந்தனை கூக்காயின் காலத்துக்குச் சற்றும் பொருந்தாது. ஒருபோதும் நடவாத ஒன்றைச் சொல்வதற்காகப் பிற்காலத்தார் அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை மெய்ப்பிக்க என்னிடம் ஆவணம் இல்லை.

ஆக, பகை என்று நாம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் எல்லைப் பிரிவினையே. நரி இருக்கும் இடத்தில் நரியின் கதை, தனுக்கி இருக்கும் இடத்தில் தனுக்கியின் கதை. இரண்டும் உள்ள ஊர்களில் மக்கள் இரண்டையும் சேர்த்தே அஞ்சினார்கள். நரி என்ற எழுத்தையும் தனுக்கி என்ற எழுத்தையும் அடுத்தடுத்து எழுதி, ஏய்க்கும் விலங்குகள் அனைத்துக்கும் அதையே பொதுப்பெயராக்கிக்கொண்டார்கள். தனுக்கிகள் தங்களுக்குள்ளேயே கடுமையாகப் போரிட்ட கதையும் உண்டு. தொக்குஷிமா பகுதியில், தெம்போ ஆண்டுகளில், அதாவது 1830களில், கின்ச்சோ என்ற தனுக்கிக்கும் ரொக்குஎமொன் என்ற தனுக்கிக்கும் இடையே நடந்ததாகச் சொல்லப்படும் பெரும்போர் அது. கின்ச்சோவுக்கு இன்றும் கொமாட்சுஷிமா நகரில் ஒரு கோயில் இருக்கிறது. ஒரே இனத்துக்குள் இவ்வளவு பகை இருக்க முடியும் என்றால், இனம் வேறு என்பதை மட்டுமே பகைக்குக் காரணமாகக் கொள்ள முடியாது.

காட்டு உண்மையும் இங்கே கவனிக்கத் தக்கது. தனுக்கி வளை தோண்டுவதில் திறமையற்றது. பேட்ஜர் தோண்டிய வளையில் போய்த் தங்கிவிடும். சில வேளைகளில் இரண்டும் ஒரே வளையின் வெவ்வேறு அறைகளில் வாழ்கின்றன. ஒரே வளையின் முஜினா என்ற ஜப்பானியப் பழமொழி இதிலிருந்துதான் பிறந்தது. இன்று அது கெட்ட கூட்டாளிகளைக் குறிக்கிறது என்றாலும், அதன் அடியில் வேட்டைக்காரர்களின் கூர்மையான அவதானிப்பு இருக்கிறது. உங்கள் கதைக்கு இயற்கை தரும் முன்மாதிரி இதுவென்றே சொல்வேன்: வீட்டைக் கட்டியவர் ஒருவர், அழைக்கப்படாமல் குடியேறியவர் இன்னொருவர், இருவரும் வாசலைப் பொதுவாக்கிக்கொண்டு அறையைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய கதைகளில் எது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெவ்வேறு இன விலங்கு ஆவிகள் தமக்குள் திருமணம் செய்துகொள்வது மிக அரிது. வெயிலோடு மழை பெய்தால் நம் ஊரில் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். அதே மழையை ஜப்பானியர் நரியின் திருமணம் என்பார்கள், ஆனால் அங்கே மணமகனும் நரி, மணமகளும் நரி. எலியின் மகளுக்கு உலகிலேயே வலிமை மிக்க மாப்பிள்ளை தேடிச் சூரியன், மேகம், காற்று, சுவர் என்று அலைந்து, கடைசியில் எலிக்கே கட்டிவைக்கும் கதை பஞ்சதந்திரத்திலிருந்து நமக்குத் தெரிந்ததே. ஜப்பானில் அது மிகவும் விரும்பப்படும் கதைகளுள் ஒன்று. கூட்டங்களும் இனவாரியாகவே நடக்கின்றன. டோக்கியோவில், நெல்லின் தெய்வமான இனாரிக்குரிய ஓஜி இனாரி கோயிலருகே ஒரு பெரிய மரத்தடியில், ஆண்டின் கடைசி இரவில், டோக்கியோவைச் சூழ்ந்த கான்தோ பகுதியின் நரிகள் எல்லாம் கூடி, அரசவை உடை பூண்டு கோயிலுக்குச் செல்லும் என்பது ஐதீகம். ஓவியர் ஹிரோஷிகே 1857இல் அதை மர அச்சு ஓவியமாக்கினார். அந்த ஓவியத்தில் எத்தனையோ நரிகள் உண்டு, ஒரு தனுக்கிகூட இல்லை. நூறு பேய்களின் இரவு ஊர்வலம் என்ற புகழ்பெற்ற ஓவிய மரபில் பலவகை உருவங்கள் கலந்து வருகின்றன என்பது உண்மை; ஆயினும் அவை கலந்து நடக்கின்றனவேயன்றி, கலந்து குடியிருப்பதில்லை. விடிந்ததும் கலைந்துவிடும் கூட்டம் அது.

இனி, ஒவ்வாதவர்கள் உண்மையிலேயே ஒன்றுசேரும் பழைய கதைகள். நான் மிகவும் மதிக்கும் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரு விலங்குகளின் ஓவியச் சுருள். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என ஆண்டுகளுக்குப் பெயர் தரும் பன்னிரண்டும் கூடி, நிலவைப் பாடுபொருளாக வைத்துக் கவிதைப் போட்டி நடத்துகின்றன. மான் நடுவராக இருந்து பெருமை பெறுகிறது. மானோடு வந்த தனுக்கி இதைப் பார்த்து ஆசைகொண்டு, அடுத்த முறை நடுவராகத் தானே முன்வருகிறது. பன்னிரண்டும் அதை இழிவுபடுத்தி அடித்துத் துரத்துகின்றன. அவமானத்தில் தனுக்கி படை திரட்டுகிறது. சேர்ந்து வருபவர்கள் யார் என்று பாருங்கள்: நரி, ஓநாய், பூனை, கீரியையொத்த மரநாய், காகம், ஆந்தை. அந்தப் பன்னிரண்டில் இடம் கிடைக்காத உயிர்கள். இவற்றுக்குள் ஒன்றையொன்று தின்பவையும் உண்டு, ஒன்றையொன்று வெறுப்பவையும் உண்டு. ஆனாலும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக நரி தனுக்கியின் பக்கத்தில் வாளேந்தி நிற்கிறது. முடிவில் தோற்கிறார்கள். தனுக்கி அரக்கனாக மாறிப் பழிவாங்கப் பார்த்து, அதுவும் கைகூடாமல், மனைவி மக்களைப் பிரிந்து துறவியாகிறது. நரிக்கும் தனுக்கிக்கும் ஒற்றுமையே மரபில் இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தச் சுருளை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது கதையின் வேர் நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுக்கப்பட்ட கொன்ஜாக்கு மொனொகதாரிஷூ என்னும் பெருந்தொகையின் ஐந்தாம் தொகுதி முழுவதும் இந்தியக் கதைகள். அதன் பதின்மூன்றாம் கதையில் முயல், நரி, குரங்கு மூன்றும் ஒன்றாக வாழ்கின்றன. முற்பிறவிகளில் கருணையின்றி வாழ்ந்ததால் விலங்குப் பிறவி வாய்த்தது என்று உணர்ந்து, போதிசத்துவ நெறியைக் கடைப்பிடிக்க முடிவுசெய்கின்றன. தம்மில் மூத்ததைப் பெற்றோராகவும், சற்று மூத்ததை அண்ணனாகவும், இளையதைத் தம்பியாகவும் கொண்டு, தமக்கெனச் செய்வதைப் பின்னே தள்ளிப் பிறர்க்கெனச் செய்வதை முன்னே வைக்கின்றன. இந்திரன் இவற்றைச் சோதிக்க, தளர்ந்த முதியவராக வருகிறான். குரங்கு மரமேறிப் பழங்கள் கொண்டுவருகிறது. நரி கல்லறைகளின் பக்கம் சென்று, மக்கள் படைத்துவைத்த அரிசி அடைகளையும் மீன்களையும் எடுத்து வருகிறது. முயல் எங்கெங்கோ அலைந்தும் வெறுங்கையோடு திரும்புகிறது. நான் உணவு கொண்டுவருவேன், நீங்கள் விறகு பொறுக்கித் தீ மூட்டுங்கள் என்று மற்ற இரண்டிடமும் சொல்கிறது. அவை தீ மூட்டுகின்றன. முயல் மீண்டும் வெறுங்கையோடு வர, எங்களை ஏய்த்து விறகு பொறுக்கவைத்து நீ குளிர்காயப் பார்க்கிறாய் என்று அவை சினக்கின்றன. முயல் தன்னையே உணவாகத் தீயில் இடுகிறது. இந்திரன் தன் உருவம் காட்டி, முயலின் வடிவத்தை எல்லாரும் காணும்படி நிலவில் பதிக்கிறான்.

இதன் பாதையும் நமக்குத் தெரியும். பாலி ஜாதகக் கதைகளில், 316ஆம் கதையில், முயலோடு குள்ளநரி, குரங்கு, நீர்நாய் என மூன்று தோழர்கள். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், வாரணாசிப் பகுதியில் இந்த விலங்குகளின் நினைவாக எழுப்பப்பட்ட ஒரு தூபியைக் குறிப்பிட்டு நரி, முயல், குரங்கு என்ற மூன்றின் கதையாக இதைப் பதிவுசெய்தார். அங்கிருந்து ஜப்பான் சென்ற வடிவம்தான் கொன்ஜாக்குவில் இருக்கிறது. இதில் என்னை எப்போதும் நிறுத்துவது அந்தச் சினம்தான். நோன்பு பூண்டு, அண்ணன் தம்பியாக வாழும் மூன்று உயிர்களுக்கு நடுவிலும் ஐயம் தலைகாட்டுகிறது. கதை அதை மறைக்கவில்லை. நரி நோன்பு பூண்ட பிறகும் படையலைத்தான் எடுத்து வருகிறது. தன் நரித்தனத்தை அது இழக்கவில்லை. குரங்கும் தன் இயல்புப்படியே மரமேறுகிறது. எவரும் வேறொருவராக மாறாமலே அந்தக் குடும்பம் நடக்கிறது.

வாய்மொழிக் கதைகளில் இந்த உயர்ந்த நோக்கெல்லாம் கிடையாது. அங்கே பேச்சு முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே. வடகிழக்குப் பகுதிகளில் பரவலாக வழங்கும் ஒரு கதையில் நீர்நாயும் நரியும் மாறி மாறி விருந்து வைப்பதாக உடன்பாடு. நீர்நாய் நிறைய மீன் பிடித்து விருந்து வைக்கிறது. நரியின் முறை வரும்போது, அது வாயே திறக்காமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது; மறுநாள், வானத்தைக் காவல் காக்கும் பணி வந்துவிட்டது என்கிறது. அடுத்த முறை தரையைக் காவல் காக்கும் பணி. நீர்நாய்க்குப் புரிகிறது. மீன் பிடிப்பது எப்படி என்று நரி கேட்டபோது, உறைபனி இரவில் வாலை ஆற்றில் விட்டு அசையாமல் இரு என்று சொல்லிக்கொடுக்கிறது. விடியும்போது வால் பனிக்கட்டியில் இறுகிவிடுகிறது. சேர்ந்து வாழ்தல் எங்கே உடைகிறது என்பதை இந்தக் கதை அளவுக்குத் துல்லியமாகச் சொன்ன வேறொன்று எனக்குத் தெரியாது: பகையால் உடையவில்லை, திருப்பித் தராத விருந்தால் உடைகிறது. (இந்தக் கதையின் நீர்நாய் இன்று ஜப்பானில் இல்லை, 2012இல் அரசு அதை அற்றுப்போன இனமாக அறிவித்தது.) குரங்கு, தனுக்கி, நீர்நாய் மூன்றும் வழியில் கிடைத்த பாய், உப்பு, அவரை ஆகியவற்றைப் பங்கிடும் இன்னொரு கதையும் இதே வகை. நீர்நாய்க்குக் கிடைத்த உப்பு தண்ணீரில் கரைந்துபோகிறது, குரங்கு மரத்தில் விரித்த பாய் வழுக்கிவிடுகிறது, அவரையை வாங்கிக்கொண்டவன் மட்டும் வயிறார உண்கிறான். பீச் பழத்திலிருந்து பிறந்து அரக்கர்களை வெல்லப் புறப்படும் சிறுவன் மோமொத்தாரோவின் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நாம் கீரியும் பாம்பும் என்று சொல்லும் இடத்தில் ஜப்பானியர் நாயும் குரங்கும் என்பார்கள். அந்த நாயும் குரங்கும் ஒரு காட்டுக்கோழியோடு சேர்ந்து, ஆளுக்கொரு தினை உருண்டைக்காக ஒரே தலைவனின் பின்னால் நடக்கின்றன. இன்று எல்லாருக்கும் தெரிந்த வடிவம் மெய்ஜி காலப் (1868–1912) பள்ளிப் பாடநூல்களால் நிலைபெற்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் கதைக்கு மிகவும் தேவையான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ஜப்பானில் விலங்கு ஆவி வீட்டுக்குள் வாழ்வது என்றால் அது இனிமையான செய்தியாக இருக்கவில்லை. இஸுமோ பகுதியில் சில குடும்பங்கள் நரிகளை வைத்திருக்கின்றன என்று ஊரார் நம்பினார்கள். ஒரு வீட்டுக்கு எழுபத்தைந்து நரிகள் என்பது வழக்கமான கணக்கு. அந்த வீட்டுப் பெண்ணை மணந்தால் நரிகளும் கூடவே வரும் என்று அஞ்சி, பெண் எடுக்கவும் கொடுக்கவும் மறுத்தார்கள். ஷிகொக்குவில் இதே குற்றச்சாட்டு நாய் ஆவியின் பெயரால் சுமத்தப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்து புதிதாகப் பணம் சேர்த்த குடும்பங்கள் மீது ஊரின் பழைய குடும்பங்கள் கொண்ட பொறாமையே இதற்கு அடிப்படை என்பது ஆய்வாளர் சிலர் தரும் விளக்கம்; எல்லா ஊர்களுக்கும் அது பொருந்துமா என்பது முடிவாகவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டிலும் இதனால் திருமணங்கள் முறிந்தன, மனிதர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நரியும் பூனையும் கொஞ்சி விளையாடும் இன்றைய அனிமேஷன் வீடு, இந்த அச்சம் தணிந்த பிறகே கற்பனை செய்யக்கூடியதாயிற்று.

அச்சத்துக்கு மாற்றாக மரபு வைத்திருந்த வழி, இடம் கொடுப்பது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நிஹொன் ரியோய்க்கி என்னும் பௌத்தக் கதைத் தொகுப்பில் ஒரு மினோ நாட்டுக்காரன், தன் மனைவி நரி என்று நாய் குரைத்து வெளிப்படுத்திய பிறகும், நமக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது, உன்னை மறக்க மாட்டேன், எப்போதும் வந்து என்னோடு உறங்கு என்கிறான். அவளும் வந்து போகிறாள். நிலையாகத் தங்குவதில்லை. டோக்கியோவின் அசக்குசாவில் உள்ள சென்சோஜி கோயில் வளாகத்தில் தனுக்கிகளுக்கென ஒரு சிறு கோயில் உண்டு. 1868இல் உஏனோவில் நடந்த போரில் காடிழந்த தனுக்கிகள் அங்கே வந்து குடியேறித் தொல்லை கொடுத்தன என்று மக்கள் சொல்வார்கள். தலைமைத் துறவியின் கனவில் தோன்றி, எங்களைப் பேணினால் உங்களைக் காப்போம் என்றன. 1883இல் அவற்றுக்குக் கோயில் எழுந்தது. இன்றும் தீயும் திருட்டும் அணுகாதிருக்க அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். சாதோவில் தன்ஸபுரோவும் இப்படித் தெய்வமாகவே வணங்கப்படுகிறான். ஷிகொக்குவின் யஷிமாஜி கோயிலில் தனுக்கிச் சிலைகளுக்குப் பக்கத்திலேயே, வழக்கமாக நரிக்குரிய இனாரி கோயில்களில் காணும் சிவப்புத் தோரண வாயில்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

எனவே என் மதிப்பீடு இது. ஒரே வீடு, ஒரே சமையல், சண்டை தீர்ந்து பாசம் என்ற அமைப்பு பெரும்பாலும் புதியது. 1776இல் ஓவியர் தோரியாமா செக்கியென் யோகாய் எனப்படும் ஒவ்வொரு பேயுருவத்தையும் தனித்தனிப் பக்கத்தில் வரைந்து பட்டியலிட்ட நூல், ஊரோடு பிணைந்திருந்த உருவங்களை ஊரிலிருந்து பிரித்தெடுத்தது. ஊரிலிருந்து பிரிந்த பிறகே சாதோவின் முஜினாவையும் ஓஜியின் நரியையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடிந்தது. 1960களுக்குப் பிறகு மாங்கா அந்த வேலையை முடித்துவைத்தது. ஆனால் வேறுபட்டவர்கள் சேர்ந்து இருக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. பழைய கதைகளில் அது வரையறுத்த இடம், முறை தவறாத விருந்து, மூப்புக்குத் தரும் மதிப்பு, பொதுவாகப் பட்ட அவமானம் ஆகியவற்றின் மேல் நிற்கிறது. இயல்பை மாற்றிக்கொள்ளும்படி யாரும் யாரையும் கேட்பதில்லை.

உங்கள் கதையில் நரியும் தனுக்கியும் ஒரே வீட்டில் இருக்கட்டும். மரபுக்கு அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வீடு யாருடையது, யார் பிறகு வந்தவர் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். நரிக்கு எண்ணெயில் பொரித்த டோஃபு பிடிக்கும். அதனால்தான் அது மிதக்கும் ஊதோன் நூடுல்ஸுக்கே நரியின் பெயர். தனுக்கி எதையும் தின்னும், குளிரில் உடல் பருக்கும், மது விரும்பும் என்பார்கள். நரி உருமாறுவது பெரும்பாலும் மனிதரைத் தன் வசப்படுத்த. தனுக்கி உருமாறுவது பல வேளைகளில் வெறும் மகிழ்ச்சிக்காக. இந்த வேறுபாட்டைக் கடைசிப் பக்கம் வரை அழிக்காதீர்கள். நரியை இனாரி தெய்வமாகவே எழுதிவிட வேண்டாம். இனாரி கோயில்களில் நரி தெய்வத்தின் தூதர்தான். முதல் சண்டைக்குக் காரணம் வேண்டுமென்றால் பரம்பரைப் பகையைத் தேட வேண்டியதில்லை. நரி தன் முறை வந்த இரவில் சமைக்காமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும்.